இசை ரசிகர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு எட்டு முறை கூடியது. தியாகராஜர் ஆராதனை, பாட்டுப் போட்டி, ஆண்டுவிழா மூன்றும் வழக்கம்போல் நடந்தேறின.

ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஜெரால்டைப் பற்றி ஆறு மாதம் நடத்திய கேட்பமர்வுகளைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். "நம் மன்றத்துக்கு அமெரிக்கப் பாடகி எதற்கு?" என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டார்கள். அன்று எனக்குப் பதில் சரியாக வரவில்லை.

ஃபிட்ஜெரால்ட் 1917இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்தவர். அவருக்குப் பதினைந்து வயதிருக்கும்போது தாய் இறந்தார். அதன்பின் சீர்திருத்தப் பள்ளி. அங்கிருந்து வந்து நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் தங்க இடமின்றித் திரிந்தார். 1934 நவம்பர் 21 அன்று அப்போலோ அரங்கின் புதுமுகப் போட்டிக்கு ஆடத்தான் போனார். தமக்கு முன் ஆடிய சகோதரிகளைப் பார்த்ததும் ஆடத் துணிவின்றிப் பாடினார். முதல் பரிசு 25 டாலர். 1938இல் ஒரு குழந்தைப் பாட்டை ஸ்விங் என்னும் துள்ளலான ஜாஸ் தாளத்தில் பாடி நாடெங்கும் புகழ்பெற்றார்.

1960இல் பெர்லின் மேடையில் பாட்டின் வரிகள் மறந்துபோக, அங்கேயே சொற்களைக் கட்டி, தாளம் பிசகாமல் பாடி முடித்தார். அந்தப் பதிவுக்குக் கிராமி விருது கிடைத்தது. சொல்லே இல்லாமல் வெறும் ஒலிகளால் அவர் பாடும் 'ஸ்காட்' பாணிப் பாட்டைக் கேட்டுவிட்டு, கற்பனாஸ்வரம் பாடப் பழகிய நம் உறுப்பினர் ஒருவர் மூன்று முறை மறுபடி போடச் சொன்னார். அன்று வந்திருந்தவர்கள் ஒன்பது பேர். வராதவர்கள் இழந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

1955இல் ஹூஸ்டனில், நிறம் பார்த்து இருக்கைகளைப் பிரிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அவருடைய மேலாளர் நார்மன் கிரான்ஸ் கச்சேரி வைத்தார். போலீசார் ஒப்பனை அறைக்குள் புகுந்து, சூதாட்டம் என்று சொல்லி ஃபிட்ஜெரால்டையும் உடனிருந்த சிலரையும் கைதுசெய்தனர். பிணையில் வந்து இரண்டாம் காட்சியிலும் பாடினார். பிற்காலத்தில் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் குழந்தைகள் காப்பகத்துக்குத் துணைநின்றார். 1993இல், நீரிழிவால் இரு கால்களையும் இழந்த அதே ஆண்டில், குழந்தைகளின் கல்விக்கும் நலனுக்குமாக அறக்கட்டளை தொடங்கினார். தெருவில் நின்ற பெண், தெருவில் நிற்கும் பிள்ளைகளை மறக்கவில்லை. நம் மன்றத்துக்கு அவர் எதற்கு என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்.

இந்த அமர்வுகளுக்காக வாங்கிய ஒலிபெருக்கியை வீண்செலவு என்றார்கள். ஆண்டுவிழாவில் கடைசி வரிசைவரை கேட்டது அதே ஒலிபெருக்கியால்தான்.

வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல். விவரங்களைப் பொருளாளர் படிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்போர் பாதிக்கு மேல். மூன்று ஆண்டாகத் தராதவர்களும் உண்டு. நேரில் போய்க் கேட்டால், "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்கிறார்கள்.

இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், நாற்காலி போட்டு எடுத்த இளைஞர்களுக்கும், நன்கொடையாளர்களுக்கும் மன்றத்தின் நன்றி.

வரும் ஆண்டில் நம் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் இலவசப் பாட்டு வகுப்பு நடத்த விரும்புகிறேன். ஆசிரியை இசைந்துவிட்டார். அவருக்குத் தர வேண்டிய மாதத் தொகை பாக்கிச் சந்தாவில் அடங்கிவிடும். பாக்கி வராவிட்டால் வகுப்பைத் தொடங்க முடியாது. செயலாளர் பொறுப்பில் நான் தொடர்வதிலும் பயனில்லை. ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் ரசீதுப் புத்தகத்துடன் மன்ற அறையில் இருப்பேன்.

இங்ஙனம்,
செயலாளர்