ரேஷன் கடையில் ஒரு பெஞ்ச்

சிதம்பரம்,
ஐப்பசி மாதம்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாயிற்று. கண் ஆபரேஷனுக்குப் பிறகு எழுதவும் படிக்கவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நேற்றுதான் விட்டார்கள். முதல் எழுத்தே உனக்குத்தான். இங்கே மழை பிடித்துக்கொண்டது. கொல்லையில் பவழமல்லி தினமும் கொட்டுகிறது, கூட்டத்தான் குனிய முடியவில்லை. மற்றபடி நலம். உன் மூட்டு வலி எப்படி இருக்கிறது? திருப்பூர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டதா?

"இந்த வயசில் சங்கம் கிங்கம் என்று ஏன் அலைகிறாய்?" என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுதத்தான் இன்று பேனாவை எடுத்தேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

எங்கள் மூத்த குடிமக்கள் சங்கம் உனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற வாத்தியார்கள், தபால் ஆபீஸ்காரர்கள், ஒரு தாசில்தார், இரண்டு பேங்க் சார்கள். பெண்கள் என்றால் நானும் இன்னொரு டீச்சரும். மாதக் கூட்டம் காலை பதினொரு மணிக்கு. வருடா வருடம் போடும் முதல் தீர்மானம் ரயில் கட்டணச் சலுகை. ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமும் கொடுத்துக்கொண்டிருந்ததை 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்களே, அதைத் திருப்பித் தர வேண்டும் என்று. நியாயமான கோரிக்கைதான், நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன்னைப் பார்க்க வர டிக்கெட் எடுக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும்.

போன வருடம் ஒரு கூட்டத்துக்கு, கீழ வீதியில் பூக்கட்டி விற்கும் அம்மாவை நான் கையோடு கூட்டிப்போனேன். வயது எழுபத்து நான்கு. தீர்மானத்தை வாசித்து முடித்ததும் அவர் என் காதருகே குனிந்து, "ரயிலா டீச்சர்? எனக்கு டவுன் பஸ் படியே ஏற முடியலையே" என்றார். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, 2021-லிருந்து இலவசம். ஆனால் அந்தப் படியில் கால் எட்டவில்லை. கூடையை இறக்கி வைத்து, கம்பியைப் பிடித்து, பின்னால் நிற்பவர் யாராவது தள்ளிவிட்டால்தான் ஏற முடிகிறது. கண்டக்டர் விசில் ஊதிவிட்டால் அன்றைக்கு வியாபாரம் போச்சு.

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை, கமலா. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் நான். பக்கத்துத் தெருவில் இருப்பவரிடம் உங்களுக்கு என்ன கஷ்டம் என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. முதியோருக்காகப் பேசுகிறோம் என்று எங்கள் சங்கம் சொல்லிக்கொண்டது. ஓய்வூதியம் வாங்கும் பத்துப் பேருக்காக மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் ஒரு வேலை செய்தேன். தையல் பெட்டியிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். தபால் ஆபீஸ் சார் நோட்டுடன் வந்தார். ஒரு பஸ்ஸில் தரையிலிருந்து முதல் படி பதினாறு அங்குலம். இன்னொன்றில் பதினேழரை. என் வீட்டு வாசற்படி ஏழு அங்குலம், அதற்கே நான் சுவரைப் பிடிக்கிறேன். ஆறு பஸ் அளந்தோம். டிரைவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவர் தானே இறங்கி வந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். "எங்க அம்மாவும் ஏற முடியாம நிப்பாங்கம்மா" என்றார்.

அதற்குப் பிறகு கூட்ட நேரத்தை மாற்றினோம். காலை பதினொன்று என்றால் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் எப்படி வருவார்கள்? சாயங்காலம் ஐந்து மணி என்று வைத்தோம். சந்தாவையும் எடுத்துவிட்டோம். முதல் நாள் வந்த பெண்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள், சார்கள் நாற்காலியில். ஒரு பெண்ணும் வாயைத் திறக்கவில்லை. மறுமாதம் எல்லோருக்கும் நாற்காலி வாடகைக்கு எடுத்து வட்டமாகப் போட்டோம். அன்றுதான் பேச்சு வந்தது. வந்தது என்ன, நிறுத்த முடியவில்லை!

விரல் ரேகை பற்றி ஒரு பாட்டி சொன்னதை உனக்கு எழுதியே ஆக வேண்டும். ஆயுசு முழுக்க இறால் உரித்து உரித்து விரல் நுனி வழவழவென்று தேய்ந்துவிட்டது. முதியோர் உதவித்தொகை எடுக்கப் போனால் மிஷினில் ரேகை விழுவதில்லை. விரலைச் சேலையில் துடைத்து வைப்பார். தேங்காய் எண்ணெய் தடவி வைப்பார். மிஷின் வைத்திருக்கும் பையன் விரலைப் பிடித்து அழுத்துவான். விழாது. "நாளைக்கு வா பாட்டி." முன்பெல்லாம் தபால்காரர் மணியார்டரை வாசலில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். புது ஏற்பாட்டைத் தீர்மானித்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த மேஜையைச் சுற்றி இப்படித் தேய்ந்த விரல் ஒன்றுகூட இல்லை. இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருக்கும்.

தொகையும் அப்படித்தான். 1962-ல் தமிழ்நாட்டில் இந்த உதவித்தொகை தொடங்கியபோது மாதம் 20 ரூபாய். 2023 ஆகஸ்டில் அது ஆயிரத்திலிருந்து 1,200 ஆயிற்று. இதில் அறுபது முதல் எழுபத்தொன்பது வயது வரை உள்ளவர்களுக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு 200 ரூபாய்தான். 2007-லும் அதே 200. அரிசி, பருப்பு, மாத்திரை விலை எங்கே போயிற்று, அந்த இருநூறு எங்கே நிற்கிறது! 2012-ல் சமூக ஆர்வலர்கள் அருணா ராயும் பாபா ஆதவும் முன்னின்று பென்ஷன் பரிஷத் என்று ஓர் அமைப்பைத் தொடங்கி, கூலி வேலை செய்து மூப்படைந்தவர்களை டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார வைத்தார்கள். குறைந்தபட்சக் கூலியில் பாதியாவது பென்ஷனாக வேண்டும் என்று கேட்டார்கள். ஓய்வூதியக்காரர்கள் சங்கம் எதுவும் அந்தக் கணக்கைப் போட்டிருக்காது. மண் சுமந்தவர்கள் கூடி உட்கார்ந்ததால்தான் அப்படி ஒரு கணக்கு வந்தது.

இன்னொன்றும் கேள். 2025 ஆகஸ்ட் 12 அன்று தாயுமானவர் திட்டம் தொடங்கினார்களே, எழுபது தாண்டியவர்களுக்கு ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவது. நல்ல திட்டம். படுத்த படுக்கையாக இருக்கும் எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு அது சாமி கொடுத்த வரம். அதை நம் கூட்டத்தில் எல்லோரும் பாராட்டிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா மட்டும் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு வேண்டாம் டீச்சர். மாசத்துல அந்த ஒரு நாள்தான் நாலு பேர் மூஞ்சியப் பாக்குறேன். அந்தக் கடை வாசல்ல ஒரு பெஞ்ச், கொஞ்சம் நிழல், அது போதும்."

யாருக்குத் தோன்றியிருக்கும் சொல்? தனியாக இருப்பவருக்கு ரேஷன் கடை வரிசைதான் ஊர். இதைக் கேட்டால்தான் தெரியும். கேட்பதும் ஒருவரிடம் கேட்டால் போதாது, தாத்தாவையும் கேட்க வேண்டும், அந்த அம்மாவையும் கேட்க வேண்டும்.

தாசில்தார் சார் அரசாணை, சட்டம் எல்லாம் கரைத்துக் குடித்தவர். அவர் சொல்லித்தான் எனக்கும் தெரியும். 1991-லேயே ஐக்கிய நாடுகள் சபை முதியோருக்கான கோட்பாடுகளில், தங்களைப் பாதிக்கும் கொள்கைகளை வகுப்பதில் முதியோர் பங்கேற்க வேண்டும், அவர்கள் சங்கம் அமைத்துக்கொள்ள முடிய வேண்டும் என்று எழுதிவிட்டது. இந்தியாவில் 1999-ல் முதியோர் தேசியக் கொள்கை வந்தது, அதையொட்டி ஒரு தேசியக் கவுன்சிலும் வந்தது. பெற்றோரைப் பிள்ளைகள் பராமரிக்க வேண்டும் என்ற 2007 சட்டத்தில் இன்னும் நல்ல இடம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் கைவிட்ட பெற்றோரால் தாமே மனுப் போட முடியாவிட்டால், அவர் சார்பில் பதிவு பெற்ற தன்னார்வ அமைப்பு போடலாம். தீர்ப்பாயத்தில் வக்கீலுக்கு இடமில்லை என்றுதான் அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. ஆகவே கூட நிற்க நம்மைப் போன்றவர்கள்தான் வேண்டும். இந்த வருடம் இரண்டு பேருக்கு நான் மனு எழுதிக் கொடுத்தேன். ஒருவர் மனுவை வாசித்துக் காட்டியதும், "பையன் பேரை எடுத்துடும்மா, அவன் மனசு கஷ்டப்படும்" என்று அழுதார். அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

கேரளத்தில் ஒரு படி மேலே போய்விட்டார்கள். 2025 மார்ச்சில் முதியோர் ஆணையம் அமைக்கச் சட்டமே நிறைவேற்றினார்கள், நாட்டிலேயே முதலாவது. தலைவரும் உறுப்பினர்களும் மூத்த குடிமக்களாகவே இருக்க வேண்டுமாம். அதே வருடம் ஏப்ரல் 3 அன்று ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைகள் கவுன்சில், முதியோர் உரிமைக்கென்று தனி உடன்படிக்கை எழுத ஒரு குழுவை அமைக்கத் தீர்மானித்தது. 2010-லிருந்து இதற்காகப் பேசிப் பேசியே கிடந்தார்கள், உலகமெங்கும் உள்ள முதியோர் அமைப்புகள் விடாமல் தட்டித்தான் கதவு திறந்திருக்கிறது.

நம் கடலோரத்தில் சுனாமிக்குப் பிறகு ஹெல்ப்ஏஜ் இந்தியா என்ற தொண்டு நிறுவனம் முதியோர் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது நினைவிருக்கிறதா? அப்போது நானும் அதைக் கருணைக் காரியம் என்றுதான் நினைத்தேன். கிழவிகள் தாங்களே கணக்கு நோட்டு வைத்துக்கொண்டு, யாருக்குக் கடன், யாருக்கு அடுத்த மாதம் என்று தீர்மானிப்பதன் அருமை எனக்கு இப்போதுதான் புரிகிறது.

சரி, வருத்தமான ஒன்றையும் சொல்கிறேன். ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். போய் உட்கார்ந்தால் அறிக்கை ஏற்கெனவே அச்சாகி மேஜையில் இருக்கிறது. இரண்டு மணி நேரம் அவர்கள் பேசினார்கள். கடைசிப் பத்து நிமிடம் எங்களுக்கு. பூக்கார அம்மா எழுந்து நின்றார், கை நடுங்கியது. "நான் படிக்காதவ, ஆனா எனக்கு எது எட்டலன்னு எனக்குத்தான் தெரியும்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். உடனே பொன்னாடை போர்த்தி அனுப்பிவிட்டார்கள். அவர் அந்தப் பொன்னாடையை மடித்து என் கையில் கொடுத்து, "இத வெச்சு என்ன செய்ய டீச்சர்?" என்றார். எனக்கு நெஞ்சு அடைத்துப்போயிற்று.

ஆனால் வாசல்வரை ஓர் இளம் அதிகாரி ஓடி வந்தாள். முப்பதுகூட இருக்காது. எங்கள் பஸ் அளவு நோட்டை வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். அடுத்த கூட்டத்தில் அச்சடிப்பதற்கு முன்னால் எங்களைக் கூப்பிடுவதாகச் சொன்னாள். தேதி இன்னும் வரவில்லை. வாராவாரம் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், விடப்போவதில்லை.

அதனால்தான் அலைகிறேன், கமலா. நீயும் அங்கே சும்மா பால்கனியில் உட்கார்ந்திருக்காதே. பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டியே வயதானவர்கள் உன் தெருவில் எத்தனை பேர் இருப்பார்கள்! அவர்களிடம் போய்ப் பேசு. உன் மருமகனிடம் இஞ்ச் டேப் இல்லாமலா இருக்கும், ஒரு நாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நாலு பஸ் அளந்து எனக்கு எழுது. எங்கள் நோட்டோடு சேர்த்துக் கொடுக்கிறேன். அப்படியே உன் வீட்டு முனை ரேஷன் கடை வாசலில் உட்கார பெஞ்ச் இருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்.

மார்கழித் திருவாதிரைக்கு வருவாய்தானே? பவழமல்லி முடிந்திருக்கும், ஆனால் களி உண்டு.

உன்,
விஜயா