இரண்டு பிறந்தநாள்காரி எழுதுவது

அன்புள்ள தோழிக்கு,

நேற்று இரவு நீ கிளம்பிப் போன பிறகு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. நேரில் சொன்னால் "போடி, ரொம்பப் பண்ணாத" என்று என் வாயை அடைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

இந்த நாட்டுக்கு வந்த முதல் வருஷம் என் பிறந்த தேதியை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். வங்கி, மருத்துவமனை, வாடகை ஒப்பந்தம், சிம் கார்டு, எல்லாவற்றுக்கும் அது வேண்டும். போனில் எந்த அலுவலகத்தைக் கூப்பிட்டாலும் நான் நான்தானா என்று பார்க்க முதலில் கேட்பது அதைத்தான். அத்தனை பேர் கையில் என் பிறந்தநாள் இருந்தது, ஒருவரும் வாழ்த்தவில்லை. குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் ஏன் வாழ்த்த வேண்டும்?

அந்த வருஷத்து ஆகஸ்ட் 5 எப்படிப் போனது என்று உன்னிடம் சொன்னதில்லை. ஊர் நமக்கு முன்னால் ஓடுகிறது அல்லவா, அதனால் இங்கே 4ஆம் தேதி மதியமே வாழ்த்துகள் வர ஆரம்பித்துவிட்டன. வேலைக்கு நடுவே மேசைக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் நன்றி தட்டினேன். மறுநாள் காலை அம்மா, அப்பா, மாமா, சித்தி என்று வரிசையாகப் பேசினார்கள். மதியத்தோடு ஊர் தூங்கப் போய்விட்டது. எனக்கோ பிறந்தநாள் இன்னும் பாதி மிச்சம். அந்தப் பாதியில் போன் ஒரு சத்தமும் போடவில்லை. துணி துவைத்தேன், மடித்து வைத்தேன், எட்டரை மணிக்கே விளக்கை அணைத்தேன். அவ்வளவுதான். அழவெல்லாம் இல்லை.

நீ அப்போது எனக்குக் கீழ்வீட்டுக்காரி மட்டும்தான். படிக்கட்டில் பார்த்தால் தலையசைப்போம்.

அப்புறம்தான் அந்த அடையாள அட்டை வந்தது. படிவத்தில் மாதம் முன்னால் வர வேண்டும். என் கை பழக்க தோஷத்தில் நாளை முன்னால் எழுதிவிட்டது. ஆகஸ்ட் 5இல் பிறந்தவள் மே 8இல் பிறந்தவளாகிவிட்டேன். 12ஆம் தேதிக்கு மேல் பிறந்திருந்தால் கம்ப்யூட்டரே "பதின்மூன்றாவது மாதம் ஏது?" என்று திருப்பி அனுப்பியிருக்கும். 12க்குள் பிறந்தவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை. கடவுச்சீட்டில் ஒரு தேதி, அட்டையில் இன்னொரு தேதி. பயத்தில் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ அட்டையை வாங்கிப் பார்த்தாய். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "வியாழக்கிழமை எனக்கு லீவு, போய் மாத்திட்டு வரலாம்" என்றாய்.

ஒரு வியாழக்கிழமையில் முடியவில்லை, மூன்று ஆயின. டோக்கன் எடுத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த நேரங்களில்தான் நீ யாரென்று எனக்குத் தெரிந்தது. இந்தக் குழப்பம் வராமல் இருக்கத்தான் 1988இலேயே ஐஎஸ்ஓ 8601 என்று ஒரு சர்வதேசத் தரம் கொண்டுவந்தார்கள், வருஷம் முதலில், அப்புறம் மாதம், கடைசியில் நாள் என்று நீ விளக்கினாய். நான் "அப்போ ஏன் யாரும் அப்படி எழுதறதில்ல?" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அட்டை சரியானது. ஆனால் அடுத்த வருஷம் மே 8 காலையில் உன்னிடமிருந்து செய்தி வந்தது: "போலிப் பிறந்தநாள் வாழ்த்துகள்." நான் மறந்தே போயிருந்தேன். அன்று பேருந்தில் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன். அன்றிலிருந்து வருஷத்துக்கு இரண்டு.

ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர் 2018இல் ஒரு கணக்கு வெளியிட்டார். புது ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் கேட்டுப் போட்ட கணக்கு. தெரிந்தவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200க்கு மேல் சேர்ந்து கழித்திருக்க வேண்டுமாம். ஒருவரையொருவர் பார்க்காமலே உயிர் நண்பர்களான கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அவர் அரசர், இவர் புலவர். படிவம் நிரப்ப ஆள் துணை தேவைப்பட்டிருக்காது. என்னைப் போன்றவர்களுக்கு மணிக்கணக்குதான் சரி. உன் மூன்று வியாழக்கிழமைகளையும் நான் அதில்தான் வரவு வைத்திருக்கிறேன்.

நேற்று மதியம், ஊர் தூங்கப் போகும் அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டினாய். பின்னால் இன்னும் நான்கு பேர். ஆளுக்கொரு நாடு, ஆளுக்கொரு மொழி. என் பெயரை ஐந்து விதமாகச் சொன்னீர்கள், ஐந்துக்கும் திரும்பினேன். ஏன் அந்த நேரம் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. முதல் வருஷம் மேலே விளக்கு சீக்கிரம் அணைந்ததைக் கவனித்திருந்தாயோ என்னவோ.

நேற்று நீ சொன்ன இன்னொன்றும் மனதில் நிற்கிறது. ஒரு தேதி பூமியில் மொத்தம் 50 மணி நேரம் இருக்கிறதாமே. பசிபிக் கடலில் இருக்கிற கிரிபாட்டி நாட்டின் கிழக்குத் தீவுகளில் முதலில் பிறந்து, ஆளில்லாத பேக்கர் தீவில் கடைசியாக முடிகிறது என்றாய். "அதனால நாளைக்கும் கொஞ்சம் பிறந்தநாள் இருக்கு, பாத்திரத்த காலைல கழுவு" என்று சொல்லிவிட்டுப் போனாய். கழுவவில்லை. இன்னும் கிடக்கிறது.

சரி, உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். எல்லாப் படிவத்திலும் கடைசியில் ஒரு கட்டம் வரும், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று. உள்நாட்டு எண்தான் வேண்டும் என்பார்கள். முதல் வருஷம் வெறுமனே ஒரு கோடு போட்டேன். மூன்று வருஷமாக அதில் உன் எண்ணை எழுதி வருகிறேன். வேலையிடத்தில், மருத்துவமனையில், எல்லா இடத்திலும். உன்னைக் கேட்கவே இல்லை. உறவு என்ற இடத்தில் முதலில் 'கீழ்வீடு' என்று எழுதி, அடித்துவிட்டு, 'தோழி' என்று எழுதினேன்.

தெரியாத எண்ணிலிருந்து எப்போதாவது அழைப்பு வந்தால் வெட்டிவிடாதே.

இப்படிக்கு,
மேல்வீட்டுக்காரி