கியோட்டோ உணவுப் பயணம்: சைவ, குளூட்டனற்ற உணவு ஏற்பாடு தவறியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
ஜூன் மாதக் கியோட்டோ உணவுப் பயணத்தில் வந்த தம்பதியர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவை,
வெளிநாட்டுச் சுற்றுலாப் பிரிவு.

பொருள்: தனிக் கட்டணம் பெற்றும் உணவுக் கட்டுப்பாடு காக்கப்படாதது; பணம் திரும்பக் கோருதல்; உங்கள் உணவு அட்டையைத் திருத்தக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா / அம்மையீர்,

புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பே உங்கள் படிவத்தில் இரண்டு விஷயங்களைத் தெளிவாக எழுதியிருந்தோம். என் கணவர் சைவம்; முட்டையும் பாலும் சேர்ப்பார், ஆனால் மீனோ மீன் சாறோ எந்த வடிவிலும் ஆகாது. எனக்குச் சீலியாக் நோய், அதாவது குளூட்டன் என்ற தானியப் புரதம் குடலைப் புண்ணாக்கும் நோய். கோதுமை, பார்லி, ரை மூன்றும் சிறிதளவும் கூடாது. இதற்காகத் தலைக்கு 8,500 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டு, ஒன்பது வேளையும் ஏற்பாடு முடிந்தது என்று மின்னஞ்சலில் உறுதி கொடுத்தீர்கள். அந்த ஒன்பதில் நான்கு வேளை தவறிப்போனது. மூன்று வேளை இருவருமே சாப்பிட முடியவில்லை, ஒரு வேளை நான் மட்டும். மொத்தம் ஏழு தட்டுகள்.

தவறு எங்கே நடந்தது என்பதை விரிவாகவே எழுதுகிறோம், ஏனென்றால் நான்கு வேளைக்கும் காரணம் ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியும் பொருளை மட்டும் நீக்கினால் போதும் என்று உங்கள் ஏற்பாட்டாளர்கள் நினைத்திருக்கிறார்கள். கியோட்டோ சமையலில் விஷயம் தட்டில் தெரிவதில் இல்லை, நீரில் இருக்கிறது.

அந்த நீருக்குத் தாஷி என்று பெயர். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 10 கிராம் கொம்பு என்ற கடற்பாசியை ஊறவைத்து, மெதுவாகச் சூடாக்கி, கொதி வருமுன் பாசியை எடுத்துவிடுவார்கள். பிறகு 20 முதல் 30 கிராம் கட்சுவோபுஷிச் சீவலைப் போட்டு ஓரிரு நிமிடத்தில் வடிகட்டிவிடுவார்கள். கட்சுவோபுஷி என்பது சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டை போலக் காயவைத்தது. நம் மாசிக் கருவாட்டின் நெருங்கிய உறவு. வடிகட்டிய பின் மீனின் தடயமே கண்ணுக்குத் தெரியாது. ஆனால் குழம்பின் சுவை முழுவதும் மீன்தான்.

முதல் நாள் மதியம் எங்களுக்கு வந்த “காய்கறிச் சாப்பாட்டில்” வேகவைத்த பூசணி, கீரை, மிசோ என்ற புளித்த சோயா விழுதில் செய்த சூப், சுருட்டிய முட்டை நான்கும் இருந்தன. நான்கிலும் தாஷி. முட்டைக் கலவையில் தாஷியைத் தாராளமாக ஊற்றிச் சுருட்டுவதுதான் கியோட்டோ பாணி. காய்களுக்குக் கோதுமை கலந்த சோயா சாஸும் சேர்த்திருந்ததால் அது எனக்கும் ஆகவில்லை. கடைக்காரர்களைக் குறை சொல்ல மாட்டோம். கேட்டதும் உள்ளதைச் சொன்னார்கள், வருத்தமும் தெரிவித்தார்கள். தாஷி காலையிலேயே எடுக்கப்பட்டு, காய்கள் அதில் வெந்து, அதிலேயே ஆறியிருந்தன. அந்த நேரத்தில் எந்தச் சமையல்காரராலும் அதை மாற்ற முடியாது. முன்பதிவு செய்யும்போதே சொல்லியிருக்க வேண்டியது உங்கள் வேலை.

இரண்டாம் நாள், குளூட்டன் இல்லை என்று சொல்லி கோதுமை நூடுல்ஸான உடோனுக்குப் பதிலாக சோபா நூடுல்ஸ் ஏற்பாடு செய்திருந்தீர்கள். சோபா மாவு பக்வீட் என்ற வேறொரு தானியத்தின் மாவு, கோதுமை அல்ல என்பது சரி. ஆனால் பெரும்பாலான கடைகளில் கிடைப்பது நிஹாச்சி வகை, அதாவது எட்டுப் பங்கு சோபா மாவு, இரண்டு பங்கு கோதுமை மாவு. முழுக்க சோபா மாவில் செய்வது ஜூவாரி. அதைப் பெயர் சொல்லிக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஜூவாரியே கிடைத்திருந்தாலும் உடோன் வெந்த அதே கொதிநீரில் போட்டால் பயனில்லை. தொட்டுக்கொள்ளும் சாற்றிலோ கட்சுவோ தாஷியும் சோயா சாஸும் சேர்கின்றன. வழக்கமான சோயா சாஸ் சோயாவும் கோதுமையும் ஏறக்குறையச் சம அளவில் சேர்த்துப் புளிக்கவைத்தது. ஒரே கிண்ணம் எங்கள் இருவரையும் பட்டினி போட்டது.

மூன்றாம் நாள் தெம்புரா. அரிசி மாவில் தோய்த்துத் தருகிறோம் என்றார்கள், அப்படியே தந்தார்கள். எண்ணெய் மட்டும் இறாலும் கோதுமை மாவும் பொரிந்த அதே எண்ணெய். எண்ணெயைப் பற்றி, எங்கள் உணவுக் கட்டுப்பாட்டைக் கடைகளுக்குச் சொல்லும் உங்கள் அட்டையில் ஒரு சொல்கூட இல்லை.

எங்களை மிகவும் வருத்தியது நான்காம் நாள் கோயில் உணவு. ஷோஜின் ரியோரி எனப்படும் அந்தத் துறவிச் சமையலில் இறைச்சி, மீன் கிடையாது, பூண்டும் வெங்காயமும்கூடக் கிடையாது. கணவர் நிம்மதியாகச் சாப்பிட்டார். என் தட்டிலும் அதே நாமாஃபு வந்தது. கோதுமை மாவைப் பிசைந்து, தண்ணீரில் மாப்பொருளைக் கழுவி நீக்கி, மிஞ்சும் பசையோடு பிசின் அரிசி மாவு சேர்த்து ஆவியில் வேகவைப்பதுதான் நாமாஃபு. கியோட்டோவுக்கே பேர்போன பண்டம். குளூட்டன் கலந்த உணவு என்று அதைச் சொல்ல முடியாது, அது குளூட்டனேதான். சமையலறைக்குப் போன சீட்டில் “சைவம் 2” என்று மட்டுமே இருந்தது. உங்கள் வழிகாட்டி அந்தத் துண்டை ஒதுக்கிவிட்டு மற்றதைச் சாப்பிடச் சொன்னார். சீலியாக் உள்ளவருக்கு அது பாதுகாப்பல்ல. குளூட்டனற்றது என்று சொல்லும் உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பதே சர்வதேச அளவுகோல். வெளியே வலி தெரியாவிட்டாலும் குடல் உள்ளே புண்படும்.

நிஷிகி சந்தையில் நடந்தது பணக் கணக்கில் வராது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஊறுகாய்ப் பொட்டலத்தைப் படித்த வழிகாட்டி, “கோமுகி இல்லை, சாப்பிடலாம்” என்றார். கோமுகி என்றால் கோதுமை. ஜப்பானின் ஒவ்வாமைப் பட்டியலில் கோதுமை உண்டு, பார்லி இல்லை. அதனால் கோதுமைக் குறிப்பு இல்லாத பொட்டலத்திலும் பார்லி மிசோவோ முளைகட்டிய பார்லியான மால்ட்டோ இருக்கலாம். கட்சுவோவும் அந்தப் பட்டியலில் இல்லை. அந்த விதியும் பொட்டல உணவுக்குத்தான், உணவகங்களுக்கு அல்ல. கத்தரிக்காய், சிவப்பு ஷிசோ இலை, உப்பு மட்டும் போட்டுப் புளிக்கவைத்த பழைய முறை ஷிபாசுகே ஊறுகாய் எங்கள் இருவருக்குமே ஆகும். சுவைநீர் சேர்த்த பொட்டல வகைக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. உட்கார்ந்ததும் இலவசமாக ஊற்றித் தரும் குளிர்ந்த முகிச்சாவும் வறுத்த பார்லி நீர்தான். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இத்தனைக்கும் கியோட்டோ எங்களைப் போன்றவர்களுக்கு வாய்த்த ஊர். நான்சென்ஜி கோயில் பக்கம் பேர்பெற்ற யுடோஃபுவில் டோஃபு என்ற சோயாக் கட்டியை வேகவைப்பது கொம்பு போட்ட வெந்நீரில் மட்டுமே. சிக்கல் தொட்டுக்கொள்ளும் சாற்றில்தான். அதற்குப் பதில் உப்பும், கோதுமை சேர்க்காத தாமாரி வகைச் சோயா சாஸும் கேட்டிருந்தால் இருவரும் ஒரே சட்டியிலிருந்து சாப்பிட்டிருப்போம். (தாமாரியிலும் சில வகைகளில் கொஞ்சம் கோதுமை உண்டு, பின்னட்டையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.) சோயாப்பாலின் ஆடையான யுபா, வெள்ளைச் சோறு, அரிசி மாவும் சர்க்கரையும் லவங்கப்பட்டையும் சேர்ந்த நாமா யாட்சுஹாஷி, வறுத்த சோயா மாவு தூவிய வாராபிமோச்சி என்று எத்தனையோ இருந்தன. ஒன்றுகூட உங்கள் திட்டத்தில் இல்லை.

உங்கள் அட்டையில் “வெஜிடேரியன்”, “குளூட்டன் ஃப்ரீ” என்ற இரண்டே சொற்கள். சமையல்காரருக்குப் பொருள்களின் பெயர் வேண்டும். சைவம் சாப்பிடுபவருக்கு: கட்சுவோ தாஷி, நிபோஷி என்ற காய்ந்த நெத்தலியின் தாஷி கூடாது, கொம்பு தாஷி, ஷிஇதாக்கே காளான் தாஷி சரி. சீலியாக் உள்ளவருக்கு: கோமுகி, ஓமுகி என்ற பார்லி, ஷோயு என்ற சாதாரணச் சோயா சாஸ், ஃபு என்ற கோதுமைப் பசை, முகிச்சா கூடாது, அதே எண்ணெய், அதே கொதிநீர், அதே கரண்டியும் கூடாது. இதை ஜப்பானிய எழுத்தில், ஆளுக்கொரு தனித்தாளாக, முன்பதிவின்போதே சமையலறைக்கு அனுப்புங்கள். முடியாது என்று ஒரு கடை சொன்னால் வேறு கடை தேட அப்போதுதான் நேரம் இருக்கும்.

எங்கள் கோரிக்கைகள்: இருவரின் தனி உணவுக் கட்டணம் 17,000 ரூபாயும், சாப்பிட முடியாத ஏழு தட்டுகளின் விலையும் திரும்ப வேண்டும். ஒவ்வொரு கடைக்கும் நீங்கள் அனுப்பிய முன்பதிவுக் குறிப்பின் நகல் வேண்டும். அட்டையைத் திருத்தும்வரை கியோட்டோ பயணத்தைச் சீலியாக் உள்ளவர்களுக்கு விற்காதீர்கள்; கோயில் உணவில் எனக்கு வந்தது இன்னொருவருக்கும் வரக்கூடும்.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்போம். உங்கள் உறுதி மின்னஞ்சல், கட்டண ரசீது, நான்கு வேளை உணவின் படங்கள், மருத்துவச் சான்று ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
பயணிகள் இருவர்