அந்த மருதமரங்களைத் தறிக்க வேண்டாம்

ஸ்காபரோ, கனடா,
நவம்பர் 9

அன்புள்ள அம்மா,

தம்பியின் கடிதம் வந்து மூன்று கிழமை ஆகிவிட்டது. பதில் போடாததற்குத் திட்டியிருப்பீர்கள். நான் சுகம். வேலை நேரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள், அதுவும் நல்லதுதான், ஹைலண்ட் கிரீக் என்ற ஆற்றின் கரையில் நடக்க நேரம் கிடைக்கிறது. இரவில் பாணும் பருப்பும். சமைக்கும் வேலை மிச்சம்.

பக்கத்து வீட்டுக் கிழவரைப் பற்றி எழுதினேனே, தன் நாயோடு சண்டை பிடிப்பவர். இலை கொட்டியதிலிருந்து சனிக்கிழமைகளில் வில்லோத் தடிகளைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போகிறார். நானும் கூடப் போனேன். நாங்கள் வேலிக்குக் கிளுவங்கதியால் போடுவோமே, அதேதான். ஈரக்கரையில் சுத்தியலால் அடித்து இறக்கினால் வேர் பிடித்துவிடும்.

எல்லாம் மீனுக்காக. போன மாதம் ஒன்ராறியோ ஏரியிலிருந்து சமன் மீன் ஆற்றில் ஏறி வந்தது. நம் கடைச் சமன் டின்னில் இருப்பது வேறு மீனாம், இதுதான் அசல். முழங்கால் தண்ணீரில் ஒரு பெட்டை சரிந்து படுத்து, வாலால் பரலைக் கிண்டிக் குழி பறித்தது. தோல் உரிந்து வால் வெள்ளையாகியிருந்தது. முட்டையிட்ட பிறகு செத்துவிடும். பரல்மேல் சேறு படிந்தால் முட்டைக்கு மூச்சில்லை. கரையில் மரம் நின்றால் மண் கரையாது, தண்ணீரும் சூடேறாது.

இவ்வளவு பெரிய நகரத்துக்குள் ஆற்றோரம் காடு எப்படி மிஞ்சியது என்று கேட்டேன். 1954 இல் ஹேசல் சூறாவளி வந்து இந்த ஒன்ராறியோ மாகாணத்தில் 81 பேர் செத்தார்களாம். ஹம்பர் ஆற்றங்கரைத் தெரு ஒன்றில் மட்டும் 35 பேர். அதற்குப் பிறகுதான் வெள்ளம் பாயும் நிலங்களை வாங்கி, வீடு கட்ட விடாமல் வைத்தார்கள்.

செத்த மீன் நாற்றத்தில் யாருக்காவது ஊர் ஞாபகம் வருமா? எனக்கு வந்தது. குளம் வற்றினதும் அப்பாவோடு சேற்றில் இறங்கி மீன் பிடிப்பேனே. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். குளிரில் கண்ணில் தண்ணீர் வரும், அது வேறு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கனகராயன் ஆற்றங்கரை மருதமரங்களைத் தறித்து அரை ஏக்கர் வயல் கூட்டப்போவதாகத் தம்பி எழுதியிருக்கிறான். வேண்டாம் அம்மா. அது ஆற்றுக்கென்று ஒதுக்கிய நிலம், எங்கள் காணியும் இல்லை. மாரியில் ஆறு பெருகினால் உள்ள வயலும் போய்விடும். நான் சொன்னால் கேட்கமாட்டான், நீங்கள் சொல்லுங்கள்.

டிராக்டர் காசு தை மாதம் அனுப்புகிறேன், வங்கியில் ஏதோ சுணக்கம். அக்காவின் மூத்தவளுக்குச் சாதகம் பொருந்தியதா? கூரை ஒழுக்கு அடைத்தாயிற்றா?

இப்படிக்கு,
மூத்தவன்