ஒரு சோடி மிச்சம் இருந்தது

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். நான் இதை எழுதும்போது விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்து, ஒழுங்கையால் போகிற எல்லாருக்கும் தலையாட்டிக்கொண்டிருக்கிறார். இடது முழங்காலில் ஒரு கட்டு. உள்ளங்கையில் முள்ளுக் கீறல். சேலைன் ஏற்றிய இடத்தில் சின்னக் கன்றல். வேறொன்றும் இல்லை. கோணேசப் பெருமானே, வேறொன்றும் இல்லை.

மறதி வந்த அப்பா அன்று காணாமல் போனது திருகோணமலை ஊருக்கே தெரியும். காலை ஆறு மணியில் இருந்து இரவு பதினொன்று தாண்டும் வரைக்கும் அப்பாவின் படத்தைப் பகிர்ந்தவர்களில் பாதிப்பேரை எனக்கு முகம்கூடத் தெரியாது. அந்தப் பதினேழு மணித்தியாலத்தை மறுபடி எழுதத் தெம்பில்லை. நன்றியை மட்டும் சூடு ஆறமுன் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருக்கிறேன்.

மனையாவெளி, உவர்மலை, பாலையூற்று, அன்புவழிபுரம் என்று ஒழுங்கை ஒழுங்கையாக மோட்டார் சைக்கிளில் திரிந்த தம்பிமார், பஸ் நிலையத்தில் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்கிப் பார்த்த ஓட்டோ அண்ணாமார், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மூன்று தரம் அறிவித்தவர்கள், மூன்றாம் கட்டையில் இருந்து நிலாவெளிப் பக்கம் கடற்கரையால் நடந்து போனவர்கள், முறைப்பாட்டை எழுதியதோடு நில்லாமல் தன் சொந்தப் போனில் எடுத்து எடுத்துக் கேட்ட பொலிஸ் உத்தியோகத்தர், ஆஸ்பத்திரியில் அப்பா ஒரே கேள்வியை இருபது தரம் கேட்டும் இருபது தரமும் பதில் சொன்ன தாதிப் பிள்ளை, எல்லாருக்கும் என் கைகூப்பு. பெயர் சொல்லப் போனால் யாரையாவது விட்டுவிடுவேன்.

திருக்கடலூர்ப் பெடியளை மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். இரவு ஒன்பது மணிபோல, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அவர்கள் வள்ளத்தை இறக்கி கோணேசர் கோயில் மலையைச் சுற்றிப் போயிருக்கிறார்கள். இராவணன் வெட்டு என்கிற செங்குத்துப் பாறைப் பிளவுக்குக் கீழே, அலை கல்லில் மோதித் திரும்புகிற இடத்தில், லைட் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் வாயால் சொல்லப் பயந்த ஒன்றை அவர்கள் போய்ப் பார்த்தார்கள். "அங்க ஒண்டுமில்ல அக்கா" என்று அடுத்த நாள்தான் சொன்னார்கள். அந்த நேரம் நான் ஏங்கிவிடக்கூடாது என்று சொல்லாமலே வைத்திருந்திருக்கிறார்கள்.

ஆனாலும் அப்பா இன்றைக்கு இந்தக் கதிரையில் இருப்பதற்குக் காரணம் ஓர் அம்மா. அவரைப் பற்றித்தான் எழுத வந்தேன். பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்த மலையில் இருக்கிற கோட்டைக்குள், கோணேசர் கோயில் படிக்குக் கீழே, சாமி கும்பிட வருகிறவர்களின் செருப்புகளைப் பார்த்துக்கொள்கிற அம்மா அவர்.

அப்பா தபால்காரர். முப்பத்தொரு வருடம் இந்த ஊர் ஒழுங்கைகளில் சைக்கிள் மிதித்தவர். மறதி வந்த பிறகு வெளியே போனாரென்றால் பழைய தபால் பாதையால்தான் போவார் என்று நாங்கள் நம்பினோம். அதனால் ஒழுங்கைகளைத் தேடினோம். தம்பி மட்டும் பின்னேரம் கோட்டை வாசல் வரைக்கும் போய்க் கேட்டுவிட்டு வந்தான். சனம் வந்து போகிற நேரம், தனியே வந்த ஒரு கிழவரை யார் கண்டது?

அன்று போன் எடுத்த எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்டார்கள். என்ன உயரம், என்ன நிறம், சாரமா காற்சட்டையா, கண்ணாடி போட்டிருந்தாரா. இரவு பத்தேகாலுக்கு வந்த அழைப்பில் ஒரு பொடியனின் குரல், பிறகு போன் கைமாறுகிற சத்தம், பிறகு வயதான பெண் குரல்.

"பிள்ளை, உங்கட அப்பாவின்ர செருப்பு எப்பிடி?"

எனக்கு விளங்கவில்லை. பிறவுண் பாட்டாச் செருப்பு என்றேன்.

"அதில்ல. வலது கால் செருப்பில வார் அறுந்து தைச்சிருக்கோ? பச்சை வலைநூலாலயோ?"

அப்படியே தரையில் குந்திவிட்டேன். வார் அறுந்து இரண்டு கிழமைதான். புதுசு வாங்கித் தருகிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். கேளாமல் சாக்கூசி எடுத்து, பக்கத்து வீட்டில் வலைநூல் வாங்கி, தானே இருந்து தைத்தார். அம்மா இருந்த காலத்தில் வாங்கிய செருப்பு அது. என் பெயர் சிலவேளை அவருக்கு வராது. அந்தச் செருப்பு யார் வாங்கித் தந்தது என்பது மறக்கவில்லை.

"அப்ப ஆள் மேலதான் நிக்குது பிள்ளை. எல்லாரும் இறங்கியாச்சு. ஒரு சோடி மிச்சம். செருப்பை விட்டிட்டு ஆர் வீட்ட போவினம்?"

பூசை முடிந்து சனம் கலைந்தபோதே அந்த அம்மா அதைக் கவனித்திருக்கிறார். அப்பா இலக்கத் துண்டுகூட வாங்காமல், செருப்பை ஓரமாகச் சேர்த்து வைத்துவிட்டுப் படியேறியிருக்கிறார். முகத்தை அவர் பார்க்கவில்லை. "குனிஞ்சபடி செய்யிற வேலை பிள்ளை, நான் காலைத்தான் பாக்கிறது" என்றார். பக்கத்துக் கடைக்காரர்களிடம் சொல்லியிருக்கிறார். யாரோ வெறுங்காலோடு வாகனத்தில் ஏறிப் போயிருப்பார்கள், நாளைக்கு வந்து எடுப்பார்கள், நீங்கள் வீட்டுக்குப் போங்கோ என்றிருக்கிறார்கள். அவர்களிலும் பிழையில்லை, யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். கடைகள் பூட்டின. விளக்குகள் குறைந்தன. கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த அந்த இரவில், பூட்டின கடைகளுக்கு முன்னால், ஒரு சோடி பழஞ்செருப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த அம்மா இரண்டு மணித்தியாலம் போலத் தனியே இருந்திருக்கிறார். பாட்டியை இன்னும் காணவில்லையே என்று தேடி வந்த பேரனின் போனில்தான் அப்பாவின் படம் இருந்தது.

எனக்கு இதை நினைக்க நினைக்க நெஞ்சு அடைக்கிறது. ஊர் முழுக்க அப்பாவைத் தேடியது, எல்லாருக்கும் அவர் யாரென்று தெரிந்திருந்தது. இந்த அம்மாவுக்கு யாரென்றே தெரியாது. கணக்கில் ஒரு சோடி குறையவில்லை, அவ்வளவுதான் தெரியும். அதற்காக எழும்பாமல் இருந்தார்.

நாங்கள் கோட்டை வாசலுக்குப் போனபோது காவலுக்கு நின்ற சிங்களத் தம்பி முதலில் தயங்கினார். விசயம் விளங்கியதும் மேலிடத்தில் கேட்டு, தானும் ஒரு லைட்டோடு கூட வந்தார். அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட அவருக்கு வாய் திரும்பவில்லை. "தாத்தே! தாத்தே!" என்று கூப்பிட்டுக்கொண்டே போனார். அவருடைய மொழியில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் சத்தத்துக்கெல்லாம் பேசாமல் இருந்த அப்பா அந்தத் தாத்தேக்குத்தான் குரல் கொடுத்தார்.

பாதைக்கு இடப்பக்கம், கற்களுக்குள், ஆல வேரில் சாய்ந்தபடி இருந்தார். முழங்காலில் இரத்தம் காய்ந்து கிடந்தது. லைட் பட்டதும் ஏழெட்டுக் கண்கள் மினுங்கின. புள்ளிமான்கள், அவரைச் சுற்றிப் படுத்திருந்தன. எங்களைக் கண்டதும் அப்பா சொன்ன முதல் சொல் இதுதான்: "சத்தம் போடாதேங்கோ. குட்டி படுத்திருக்கு."

கீழே கொண்டுவந்தோம். அந்த அம்மா தன் சேலைத் தலைப்பால் அப்பாவின் பாதத்தைத் துடைத்து, முள்ளு இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, முதலில் இடது, பிறகு பச்சை நூல் தைத்த வலது என்று போட்டுவிட்டார். நான் கையில் இருந்த காசையெல்லாம் நீட்டினேன். வாங்கவில்லை. "செருப்பு வைச்ச காசு இருபது ரூபா. அதைத் தாங்கோ, காணும்" என்றார். இருபது ரூபாவைத்தான் வாங்கினார்.

ஆஸ்பத்திரியில் உடுப்பு மாற்றியபோது அப்பாவின் சேட்டுப் பை புடைத்திருந்தது. எடுத்தேன். பொலித்தீன். அர்ச்சனைத் தட்டு சுற்றி வந்த பை, பிஸ்கட் கவர், கச்சான் கடலைச் சரை, ஐஸ்பழக் கவர், யாரோ சோறு கட்டி வந்த லஞ்ச் ஷீற். இரண்டு பையிலும், சாரக் கட்டுக்குள்ளும். கழுவாத, கறி மணக்கிற, மண் ஒட்டிய பொலித்தீன். பாதையை விட்டு அவர் ஏன் கற்களுக்குள் இறங்கினார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அப்பா தபால் கொண்டு கோட்டைக்குள் போன காலத்திலேயே இதைச் செய்தவர். உப்பும் குழம்பும் ஊறிய பையை மான் மணத்துக்காகத் தின்றுவிடும், அது அசைபோடுகிற பிராணி, தின்றது செரியாமல் முதல் வயிற்றிலேயே உருண்டு கட்டியாகும், வயிறு நிறைந்துவிட்டதென்று நினைத்துப் புல்லைத் தொடாது, அப்படியே மெலிந்து செத்துப்போகும் என்று எங்களுக்குச் சின்ன வயதில் சொல்லித் தந்தார். செத்த மானின் வயிற்றில் இருந்து கொத்தாகப் பொலித்தீன் எடுத்ததை இந்த ஊரில் கேள்விப்படாதவர்கள் இல்லை. பட்டணத்துக்குள் மான் நடந்து திரிகிறது என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமையாகச் சொல்கிற நாங்கள்தான் அந்தப் பையையும் போடுகிறோம்.

அப்பாவுக்கு அந்த மலை என்றால் உயிர். 1963இல் கும்பாபிஷேகம் நடந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது, அப்பப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். "1622இல பறங்கி இடிச்சவன், 1963இல கும்பம் வைச்சது, 341 வருசம்" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கணக்குச் சொல்வார். 1956இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் மலைக்குக் கீழே கடலுக்குள் பழைய கோயில் கற்களையும் லிங்கத்தையும் கண்ட கதை இன்னும் பத்துத் தரம். தொட்டில் கட்டுகிற மரத்தடியில் நின்று, கரைக்குக் கிட்டவே கடல் கிடுகிடென்று ஆழமாகிற இடம் இது, அதனால்தான் நீலத் திமிங்கிலம் இவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று காட்டுவார். நான் ஒரு தரம்தான் கண்டிருக்கிறேன், தூரத்தில் ஒரு வெள்ளைப் புகைபோல. அவர் காணாத வருடம் இல்லை என்பார். இவ்வளவையும் சொன்ன கதையே சொல்கிறார் என்று சலித்துக்கொண்டு கேட்ட எனக்கு, அவரைக் காணவில்லை என்றதும் அந்த மலை ஞாபகத்துக்கு வரவில்லை. அதற்காக என்னை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆகவே ஒன்று முடிவு எடுத்திருக்கிறேன், எழுதிவைத்தால் தவறமாட்டேன் என்று இங்கேயே எழுதுகிறேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறமுன், அப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு சாக்கோடு கோட்டைக்குள் போகப்போகிறேன். வாசலில் இருந்து கோயில் படி வரைக்கும் அவர் காட்டுகிற இடத்தில் நான் குனிந்து பொறுக்குவேன். வர விரும்புகிறவர்கள் வரலாம். வரமுடியாதவர்கள் அர்ச்சனைச் சாமானைப் பனையோலைப் பெட்டியிலோ துணிப்பையிலோ கொண்டுபோனால் அதுவே பெரிய உதவி. மானுக்கு வீட்டுச் சாப்பாட்டைப் பையோடு வைக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

நாங்கள் படியேறமுன் அப்பாவின் செருப்பை அந்த அம்மாவிடம்தான் வைப்போம். இந்த முறை துண்டு வாங்கி என் கையில் வைத்திருப்பேன்.

இன்னொன்று. அன்றிரவு யாரோ ஒருவர் எங்கள் கையில் தந்த நீலக் கைப்பிடி டோர்ச் லைட் ஒன்றும், அப்பாவுக்குக் குளிரும் என்று போர்த்திவிட்ட சிவப்புக்கரைத் துவாய் ஒன்றும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. துவாயைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், லைட்டுக்குப் புது பற்றரி போட்டிருக்கிறேன். உரியவர்கள் வாருங்கோ. எந்த நேரம் என்றாலும் பரவாயில்லை, கேற் திறந்துதான் இருக்கும். இருந்து ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுப் போகலாம். அப்பா உங்களிடம் 1963ஐப் பற்றிச் சொல்வார்.