ஜாவாஸ்கிரிப்ட் வகுப்பு பற்றிய புகார்: ஆபத்தான பாடத்தை நீக்குங்கள், கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள்

அனுப்புநர்:
உங்கள் ஆன்லைன் வகுப்பு மாணவி,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
பயிற்சி நிறுவனத் தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: இணையப்பக்கங்களை இயங்கவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி வகுப்பில் தவறான, காலம் கடந்த பாடங்கள், சந்தேகங்களுக்குப் பதில் இல்லாமை, கட்டணத்தைத் திரும்பக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் வகுப்பில் ரூ.6,500 கட்டிச் சேர்ந்தவள் நான். மீன்பிடித் தடைக்காலத்தில் கட்டிய பணம் இது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இங்கே விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, அப்பாவுக்கும் வருமானம் இருக்காது. அம்மா கருவாடு விற்ற காசில்தான் எனக்குக் கட்டணம் கட்டினார்கள்.

அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காக்களும் மகளிர் குழுவாகச் சேர்ந்து நெத்திலி, வாளை, சீலா எல்லாம் காயவைத்து வெளியூருக்குப் பார்சல் அனுப்புகிறார்கள். மீனைத் தொட்டு, எத்தனை கிலோ என்று போட்டால், பார்சல் செலவோடு மொத்தத் தொகையைக் காட்டும் ஒரு பக்கம் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. இந்தக் கணக்கைப் போனில் உள்ள பிரவுசரே போட்டுவிடும், ஒவ்வொரு தடவையும் சர்வருக்கு, அதாவது பக்கத்தை அனுப்பிவைக்கும் தூரத்துக் கணினிக்கு, போய்வர வேண்டியதில்லை என்று உங்கள் முதல் பாடத்தில் கேட்டபோது மிகவும் சந்தோஷப்பட்டேன். கருவாடு காயப்போடும் கரையில் சிக்னல் வரும், போகும். பக்கத்தை ஒருமுறை திறந்து வைத்துவிட்டால், அப்புறம் சிக்னல் போனாலும் அங்கே நிற்கும் அக்கா விலை சொல்லிவிடலாம். அந்த முதல் பாடம் நன்றாகவே இருந்தது. அதற்குப் பிறகு வந்தவைதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தன.

கூட்டல் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோவில் உள்ளபடியே எழுதினேன். கிலோ 450 ரூபாய், இரண்டு கிலோ, பார்சல் 60. வர வேண்டியது 960. திரையில் வந்தது 90060. பெருக்கல் சரியாக வருகிறது, கூட்டல் மட்டும் இப்படி வருகிறது, ஏன் என்று உங்கள் சந்தேகப் பிரிவுக்கு எழுதினேன். "பிரவுசர் கேஷைக் கிளியர் செய்து பாருங்கள்", அதாவது பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பழைய கோப்புகளை அழித்துப் பாருங்கள், என்று ஒரு வரி வந்தது. மறுநாள் அந்தக் கேள்வியையே முடித்து வைத்துவிட்டீர்கள். உண்மையான காரணத்தை, ஃபயர்பாக்ஸ் பிரவுசரைச் செய்யும் மொசில்லாவின் இலவச வழிகாட்டியைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பக்கத்தில் உள்ள பெட்டியில் நாம் தட்டுவதை ஜாவாஸ்கிரிப்ட் எழுத்தாகத்தான் வாங்கிக்கொள்கிறது. பெருக்கல் குறி வந்தால் அதுவே எண்ணாக மாற்றிக்கொள்ளும். கூட்டல் குறி வந்தால், ஒரு பக்கம் எழுத்தாக இருந்தாலே இரண்டையும் எழுத்தாக ஒட்டிவிடும். எண்ணாக மாற்றும் ஒரு சொல்லைச் சேர்த்ததும் 960 வந்துவிட்டது. புதிதாகப் படிக்க வருபவர் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தருபவர்கள் இதை முதல் வாரத்திலேயே சொல்லியிருக்க வேண்டாமா?

அடுத்தது மீன் பட்டியல் பாடம். எந்த மீனின் பொத்தானை அழுத்தினாலும் பட்டியலின் கடைசி மீன் பெயரே வந்தது. ஒரு மதிப்புக்குப் பெயர் வைக்க உங்கள் பாடத்தில் எல்லா இடத்திலும் பழைய 'வார்' (var) என்ற சொல்தான். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப்புக்குள் அப்படி வைத்த பெயர், ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனியாக இருப்பதில்லை. நாம் பொத்தானை அழுத்தும்போது லூப் எப்போதோ முடிந்து, கடைசிப் பெயர்தான் மிஞ்சியிருக்கும். இதற்குத் தீர்வான 'லெட்' (let) என்ற சொல் 2015லேயே மொழியில் வந்துவிட்டது. "இந்த ஆண்டு புதுப்பித்த பாடம்" என்று விளம்பரம் செய்த நீங்கள் அதை ஒரு இடத்தில்கூடச் சொல்லவில்லை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்ற பழைய பிரவுசருக்கு மட்டும் ஒரு முழு வீடியோ இருக்கிறது. அதற்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2022 ஜூன் 15 அன்றே நிறுத்திவிட்டது. பாடங்களை டவுன்லோடு செய்துகொள்ளலாம் என்று சொன்னதும் நடக்கவில்லை.

இதையெல்லாம்கூடப் பழைய பாடம் என்று பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் லாகின் பாடத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாது. கடவுச்சொல்லை ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்குள்ளேயே எழுதி, பயனர் தட்டியதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "இப்போது உங்கள் பக்கம் பாதுகாப்பானது" என்று ஆசிரியர் சொல்கிறார். அது பாதுகாப்பே இல்லை. பிரவுசருக்கு வந்து சேர்ந்த நிரல் முழுவதையும் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். அதே பாடத்தின் பக்கத்தில் வலது கிளிக் செய்து சோர்ஸை, அதாவது பக்கத்தின் மூல நிரலை, பார்த்தேன். கடவுச்சொல் அப்படியே கண்ணுக்குத் தெரிந்தது. பிரவுசரில் செய்யும் சோதனை, பெட்டியை வெறுமையாக விட்டவருக்கு உடனே சொல்வதற்கு உதவும். உள்ளே விடலாமா கூடாதா என்பதைச் சர்வர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் ஆர்டர் பட்டியலில் வாடிக்கையாளர்களின் வீட்டு முகவரியும் போன் நம்பரும் இருக்கின்றன. நம்பிக் கொடுத்தவை அவை. இதே வகுப்பில் படிக்கும் ஏர்வாடித் தோழி ஒரு ஜவுளிக்கடைக்கு இந்தப் பாடத்தைப் பார்த்து லாகின் பக்கம் செய்துகொடுக்க இருந்தாள். நான் போன் செய்து நிறுத்தினேன். எனக்குத் தெரியாத மற்ற மாணவர்களுக்கு யார் சொல்வது? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அதனால் நான் கேட்பது இதுதான். அந்த லாகின் வீடியோவை உடனே நீக்குங்கள். அதைப் பார்த்த எல்லோருக்கும், அது தவறு, அதை வைத்து உண்மையான பக்கம் எதையும் நடத்த வேண்டாம் என்று தமிழில் மெயில் அனுப்புங்கள். பணத்தைவிட இது எனக்கு முக்கியம். அப்புறம், விளம்பரத்தில் சொன்னபடி பாடம் இல்லாததால் என் கட்டணம் முழுவதையும் திருப்பித் தாருங்கள். ஏழு நாளுக்குப் பிறகு ரீஃபண்ட் கிடையாது என்று உங்கள் ஊழியர் சொன்னார். லாகின் பாடம் மூன்றாவது மாதத்தில்தான் திறக்கிறது. ஏழு நாளில் அதை நான் எப்படிப் பார்த்திருக்க முடியும்?

2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அது நடக்காவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும், இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுப்பேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் அதற்குக் கட்டணமும் இல்லை.

பணம் கட்டிய ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், சந்தேகப் பிரிவின் பதில்கள், லாகின் பாடத்தின் சோர்ஸ் பக்கம் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். பதிலைத் தமிழிலேயே அனுப்புங்கள். குழுவில் உள்ள எல்லோருக்கும் நான் அதைப் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வகுப்பு மாணவி,
தங்கச்சிமடம்.