கையெழுத்துச் சேகரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். அறிக்கை ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது என்று தலைவர் சொல்லிவிட்டார், பார்ப்போம்.

மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. மே மாதம் மட்டும் இல்லை, மண்டபச் சாவி யாரிடம் என்று தெரிவதற்குள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டோம்.

இந்த ஆண்டு முழுக்கப் பேச்சு, சங்கப் பணத்தில் வாங்கிய அந்தப் பிரெஞ்சுக் கடிதத்தைப் பற்றித்தான். பதினான்காம் லூயி தன் கையாலேயே எழுதியது என்று சொல்லி விற்றார்கள், நாமும் மயங்கிவிட்டோம். அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டது: மன்னரின் கையெழுத்தை அச்சு அசலாக எழுதுவதற்கென்றே அவர் அரண்மனையில் ஒரு செயலாளர் இருந்தார், தூசான் ரோஸ் என்று பெயர், 1701இல் சாகும்வரை அதே வேலை. மன்னர் ஒப்புதலோடு எழுதியதால் அதைப் போலி என்றும் தள்ள முடியாது, அசல் என்று விலை போடவும் முடியாது. (நானும் செயலாளர்தான். தலைவர் கையெழுத்தை ஒருநாளும் போட்டதில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.) விற்றவரைக் கேட்டால், "அதான் லூயி என்று போட்டிருக்கிறதே" என்கிறார்.

அதற்கடுத்த கூட்டத்தில் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி வந்தார். கடைசிக் காலத்தில், 1545 முதல், அவர் கையெழுத்துக்கு ஒரு முத்திரை வைத்திருந்தார்கள். தாளில் அழுத்தினால் தடம் விழும், அதன்மேல் எழுத்தர் மை ஓட்டுவார். 1546 டிசம்பரில் எழுதிய உயிலில்கூட அவர் கை பட்டதா, முத்திரை பட்டதா என்று இன்றும் சண்டை.

சேகரிக்கத் தொடங்குகிறவர்களுக்கு விக்டோரியாவே மேல், நிறைய எழுதிய அம்மா. கணவர் ஆல்பர்ட் 1861 டிசம்பரில் இறந்தபின் கறுப்புக் கரையிட்ட தாள்தான். இந்தியப் பேரரசிப் பட்டம் 1876இல் வந்தது, ஆகவே 1870 தேதியிட்ட கடிதத்தில் பெயருக்குப் பின்னால் 'ஆர்.ஐ.' (அரசி, பேரரசி என்பதன் லத்தீன் சுருக்கம்) இருந்தால் பர்ஸை எடுக்காதீர்கள்.

நம்மைவிட ஏமாந்தவர் உண்டு. பாரிஸ் கணித மேதை மிஷெல் ஷால், வ்ரான்-லூகா என்பவனிடம் 27,000க்கும் மேற்பட்ட போலிக் கடிதங்களை வாங்கினார், அலெக்சாண்டர் அரிஸ்டாட்டிலுக்கு எழுதியது உட்பட, அதுவும் பிரெஞ்சில்! 1870இல் அவனுக்கு இரண்டு ஆண்டு சிறை.

சரி, இனி எதை வாங்குவதானாலும் மூன்று பேர் பார்த்த பிறகே பணம் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. லூயி பீரோவில் இருக்கிறார். வரவு செலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார், ஒரு வரியில் அவர் குரல் கொஞ்சம் உயரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.